சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

முன்னுரை

கல்வி ஒருவரை அடுத்த நிலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இஸ்லாமிய மரபில் முதன்முதலாக இறங்கிய இறைக்கட்டளையே ஓதுதலைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். ஓதத் தொடங்கியவர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அக்கட்டளை எல்லை வகுக்கவில்லை. ஆயினும், இன்றைய கல்வி அமைப்பில் சில படிப்புகளை முடித்தவர்கள் அப்பால் செல்ல வழியின்றி நின்றுவிடக் காண்கிறோம். சமுதாயக் கல்லூரிப் படிப்பு அவற்றுள் ஒன்றாகும்.

சமுதாயக் கல்லூரியில் ஓராண்டோ ஈராண்டோ பயின்று பட்டயம் பெற்ற மாணவர், தாம் பயின்றதை இழக்காமல் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் தொடர்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள செம்மநத்தம் போன்ற ஊர்களின் மாணவரை மனத்திற்கொண்டு இப்பொருள் ஈண்டு ஆராயப்படுகிறது.

சமுதாயக் கல்லூரியின் தோற்றம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு ஓர் ஈராண்டுக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி. அங்குப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். அவற்றுள் முதலிரண்டு ஆண்டுகளின் பாடங்களை மாணவர் தம் ஊரிலேயே குறைந்த செலவில் பயின்று, எஞ்சிய இரண்டு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம் என்னும் எண்ணத்தில் தோன்றியது அக்கல்லூரி. ஆகவே அந்நாட்டில் சமுதாயக் கல்லூரி பிறந்தபோதே பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் வழியும் உடன் பிறந்தது எனலாம்.

நம் நாட்டின் வரலாறு வேறு. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தின் சார்பில் சென்னைச் சமுதாயக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இயேசு சபைத் துறவியான சேவியர் அல்போன்ஸ் அவர்கள் இவ்வியக்கத்தைத் தமிழகமெங்கும் பரப்பப் பெரிதும் உழைத்தார்கள். பள்ளியை இடையில் விட்டவர், வறியவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் கற்பித்து, களப்பயிற்சி அளித்து, வேலையில் அமர்த்துவதே அக்கல்லூரிகளின் நோக்கம். 2002இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் இத்தகைய கல்லூரிகளுக்கு ஏற்பளித்துப் பட்டயம் வழங்க முன்வந்தது.

இந்நோக்கம் போற்றத்தக்கது. ஆனால், வேலையே முடிவு என்று வகுக்கப்பெற்றமையால், மேற்படிப்புக்குச் செல்லும் வழி தொடக்கத்தில் எண்ணப்படவில்லை. பின்னர் அவ்வழியை அமைக்க முயற்சிகள் நிகழ்ந்தன. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஈராண்டுப் படிப்பை முடித்தவர் அப்பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் பட்டத்தில் இறுதியாண்டில் சேரலாம் என்னும் கருத்து அத்திட்டத்தில் இருந்தது. நாடெங்கும் விரைந்து பரவிய அத்திட்டம் சில ஆண்டுகளிலேயே நிறுத்தி வைக்கப்பெற்றது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு தனியே ஒரு சமுதாயக் கல்லூரித் திட்டத்தையும், 2014இல் இளந்தொழிற்கல்விப் பட்டம் எனத்தக்க பி.வோக். படிப்பையும் கொண்டு வந்தது. ஓராண்டு முடித்தால் பட்டயம், ஈராண்டு முடித்தால் மேம்பட்ட பட்டயம், மூன்றாண்டு முடித்தால் பட்டம் என்னும் படிநிலை இதனால் உருவாயிற்று.

ஒரு வீட்டின் இரண்டு மாணவர்

செய்தியைத் தெளிவாக விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறோம். ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகளுள் ஒன்று செம்மநத்தம். காப்பியும் மிளகும் விளையும் இம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். அவர்தம் தாய்மொழி தமிழே. மலையை ஆள்பவர் என்பது அப்பெயரின் பொருளாகச் சொல்லப்படுகிறது.

இவ்வூரில் ஒரு வீட்டில் அக்காளும் தம்பியும் இருப்பதாகக் கொள்வோம். அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவள். தம்பி பத்தாம் வகுப்போடு நின்றவன். மூன்றாண்டுக் காலம் விடுதியில் தங்கிப் படிக்கும் வசதி இருவருக்கும் இல்லை. அக்காள் ஒரு சமுதாயக் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டில் ஓராண்டுப் பட்டயம் பெறுகிறாள். தம்பி தோட்டக்கலையில் ஓராண்டுப் பட்டயம் பெறுகிறான். இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துச் சிறிது பொருள் ஈட்டிய பிறகு இருவரும் பட்டம் பெற விரும்புகின்றனர். அப்போது அவர்கள் எதிர்கொள்ளும் தடைகள் மூன்று.

முதல் தடை: பள்ளிக்கல்வி

பட்டப்படிப்பில் சேர்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்கல்வியோ அதற்கு நிகரான தகுதியோ தேவை. தம்பிக்கு அது இல்லை. அவன் பெற்ற ஓராண்டுப் பட்டயம் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடாகாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆயத்தப் படிப்பின் வழியாகச் சேர்ந்து பட்டம் பெற்றுவிடலாமே என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. தமிழகத்தில் அது இடர் மிகுந்த வழியாகும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறாமல் திறந்தநிலை முறையில் பெற்ற பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009ஆம் ஆண்டு ஆணை பிறப்பித்தது. அவ்வாறு பட்டம் பெற்றுப் பணி வாயிலில் திரும்பியவர் பலர்.

ஆதலின், பத்தாம் வகுப்போடு சமுதாயக் கல்லூரியில் சேரும் மாணவர், பட்டயத்தோடு பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்தல் இன்றியமையாதது. தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். சமுதாயக் கல்லூரி இதனை மாணவர் சேரும் நாளிலேயே எடுத்துரைத்தால் ஆண்டுகள் வீணாகா.

இரண்டாம் தடை: மதிப்பலகு

அக்காளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதி உண்டு. எனினும் அவளுடைய ஓராண்டுப் படிப்பு பட்டப்படிப்பில் கணக்கிடப்படுமா என்பது அடுத்த வினா. கல்லூரிகளில் கிரெடிட் என வழங்கும் மதிப்பலகே இங்கு அளவுகோல். ஒரு பாடத்தை எத்தனை மணி நேரம் பயின்றோம் என்பதைக் கொண்டு மதிப்பலகு கணிக்கப்படுகிறது. அவ்வளவுகோல் எங்கும் ஒன்றாக இல்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் ஓராண்டுப் பட்டயத்திற்கு 60 மதிப்பலகுகள் வகுக்கப்பெற்றன. அவற்றுள் 36 தொழில் திறனுக்கும், 24 பொதுக்கல்விக்கும் உரியவை. தமிழகப் பல்கலைக்கழகங்களில் 2008ஆம் ஆண்டு முதல் பரவிய விருப்பப்பாட முறையில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்திற்கு மொத்தம் 140 மதிப்பலகுகள். அதாவது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 46 அல்லது 47. 2023இல் வெளிவந்த தேசிய மதிப்பலகுச் சட்டகம் ஆண்டொன்றுக்கு 40 என்று கொள்கிறது. ஓராண்டுக் கல்வியை அளக்க மூன்று முழக்கோல்கள்! அக்காள் 60 மதிப்பலகுகளோடு வந்தாலும், அவை இங்கே எத்தனையாகும் என்று கூறுவார் இல்லை. கூறுவார் இல்லாத இடத்தில் அவை பெரும்பாலும் சுழியமாகவே கொள்ளப்படுகின்றன. அவள் மீண்டும் முதலாண்டில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு அமர வேண்டியதாகிறது.

2021ஆம் ஆண்டு மானியக் குழு மதிப்பலகு வங்கி ஒன்றை ஏற்படுத்தியது. ஒரு நிறுவனத்தில் ஈட்டிய மதிப்பலகுகளை மாணவர் அதில் சேர்த்து வைத்து, வேறொரு நிறுவனத்தில் பட்டம் பெறப் பயன்படுத்தலாம். மதிப்பலகுகள் ஏழாண்டு வரை செல்லும்; பட்டத்திற்குரியவற்றுள் பாதியேனும் பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே ஈட்டப்பெற வேண்டும் என்று அவ்விதிமுறை கூறியது. இது நல்ல ஏற்பாடே. ஆயினும், சேமித்து வைப்பது வேறு, செலவிட முடிவது வேறு. பொருந்தும் பாடம் எது என்று பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். அம்முடிவு எழுதப்படாத வரையில் வங்கியில் உள்ள மதிப்பலகு மாணவருக்குப் பயன்படாது.

மேலும், சில துறைகளில் பல்கலைக்கழகமும் தனித்து முடிவு செய்ய இயலாது. நோயாளர் பராமரிப்பு உதவியாளர் பட்டயம் பெற்ற பெண்கள் பலர் பி.எஸ்சி. செவிலியம் படிக்கலாம் என்று நம்புகின்றனர். அப்படிப்பு இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதிகளுக்கு உட்பட்டது; பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் பயின்றிருத்தல் வேண்டும்; உதவியாளர் பட்டயத்தால் ஓராண்டு குறைவதில்லை. இவ்வுண்மையை முன்னரே அறிந்த பெண் வேறு வழியை நாடுவாள்.

மூன்றாம் தடை: தமிழ்த்தாள்

மூன்றாம் தடை நம் துறையைச் சார்ந்தது. ஆனால் பலராலும் கவனிக்கப்படாதது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைப் பட்டம் பல பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். அதன்பின் திறன், விழுமியம், சுற்றுச்சூழல், விரிவாக்கப்பணி முதலியன. பெரும்பாலான கலை, அறிவியல் பட்டங்களில் முதல் நான்கு பருவங்களிலும் தமிழ்த்தாள் உண்டு. அதில் தேறாதவருக்குப் பட்டம் இல்லை.

சமுதாயக் கல்லூரியின் பட்டயத்தில் இம்முதற்பகுதி இடம்பெறுவதில்லை. பொதுக்கல்விக்கென வகுத்த 24 மதிப்பலகுகள் பெரும்பாலும் பேச்சு ஆங்கிலம், கணினி அறிமுகம், ஆளுமை வளர்ச்சி ஆகியவற்றில் செலவாகின்றன. தொழிற்பாடங்களைக் கணினித்துறை ஏற்றுக்கொண்டு அக்காளை இரண்டாம் ஆண்டில் சேர்க்க முன்வந்தாலும், முதலிரண்டு பருவத் தமிழ்த்தாள்கள் அவளிடம் இல்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவள் தமிழ்த்தாள் இல்லாமையால் ஓராண்டை இழப்பது வருந்தத்தக்கதன்றோ?

பிறர் கண்ட வழி

இத்தடைகள் நீக்க முடியாதவை அல்ல. நம் மாநிலத்திலேயே அதற்குச் சான்றுண்டு. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்ற மாணவர் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கின்றனர். எந்தப் பட்டயத்தார் எந்தப் பிரிவில் சேரலாம் என்பது பட்டியலாக முன்னரே வெளியிடப்படுகிறது. ஆண்டுதோறும் கலந்தாய்வு நடைபெறுகிறது. மாணவர் எவரிடமும் மன்றாட வேண்டியதில்லை. பட்டியல் முன்னரே எழுதப்பட்டிருப்பதுதான் இதன் வெற்றிக்குக் காரணம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1960ஆம் ஆண்டிலேயே உயர்கல்விப் பெருந்திட்டம் ஒன்றை வகுத்து, சமுதாயக் கல்லூரி மாணவர் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் வழியை அமைத்தது. எனினும் ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே விதி வகுத்ததால் மாணவர் குழம்பினர். 2010இல் அம்மாநிலம் சட்டம் ஒன்றை இயற்றியது. சமுதாயக் கல்லூரியில் வகுத்துரைத்த 60 அலகுகளை முடித்தவருக்குக் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உண்டு. பட்டத்திற்கு மேலும் 60 அலகுகளுக்கு மிகுதியாகக் கேட்டல் கூடாது என்று அச்சட்டம் கூறியது.

வளம் மிக்க அந்நாட்டிலும் குறை நீங்கிவிடவில்லை. கல்லூரி மாறிய மாணவர் தாம் ஈட்டிய மதிப்பலகுகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரியில் சேர்ந்து பயின்றோரைப் பற்றிய கணக்கு அது. மாணவர் மாறிய பின்னர்க் கணக்குப் பார்க்கும் முறை எந்நாட்டிலும் இழப்பையே தரும் என்பது இதனால் விளங்கும்.

நம் மரபில் உள்ள சான்று

அறிவைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது முஸ்லிம்களின் பழைய மரபு. அக்காலத்தில் ஆசிரியர் மாணவருக்கு வழங்கிய இஜாஸா என்னும் இசைவுச் சான்றில், இம்மாணவர் இன்ன நூலை என்னிடம் ஓதினார், அதனைப் பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெற்றார் என்று எழுதப்பெற்றிருக்கும். ஓதிய இடத்தின் பெருமையைவிட, ஓதிய நூலும் ஓதுவித்த ஆசிரியருமே அதில் முதன்மை. எனவே வேற்றூர் ஆசிரியர் அச்சான்றைக் கண்டவுடன், இவருக்கு இனி எந்நூலைத் தொடங்கலாம் என்று அறிந்தார். இன்று நாம் வேண்டுவதும் இத்தகைய சான்றே: பட்டயத்தின் பெயர் மட்டும் போதாது, பயின்ற பாடம், மணிநேரம், தேர்வுமுறை ஆகியவை அதில் எழுதப்பெற வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இலக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் அவர்கள் வகுத்த பாடத்திட்டம் இந்தியத் துணைக்கண்டத்து மதரஸாக்கள் பலவற்றிலும் வழங்கலாயிற்று. பொதுவானதொரு நூல்வரிசை இருந்தமையால், ஓரிடத்தில் தொடக்க நூல்களை ஓதிய மாணவர் மற்றோரிடத்தில் மேல்நூல்களை ஓதுவது எளிதாயிற்று. அண்மைக் காலச் சான்றும் உண்டு. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் மதரஸாவில் ஓதி முடித்தவர்களுக்கென 2013இல் இணைப்புப் படிப்பொன்றைத் தொடங்கியது. ஆலிம்கள் ஆங்கிலமும் பிற பாடங்களும் ஓராண்டு பயின்று, பட்டப்படிப்புகளில் சேர அது வழிவகுத்தது. அவர்களிடம் இல்லாதது எது என்று கண்டு அதனை மட்டும் கற்பித்தது அவ்விணைப்புப் படிப்பு. ஓதியதை வீணெனத் தள்ளவில்லை.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் ஒரு முடிவுக்கு வரலாம். மாணவர் சமுதாயக் கல்லூரியில் சேருமுன்னரே, எப்பாடம் எப்பட்டத்தில் எத்தனை மதிப்பலகாக ஏற்கப்படும் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். இதற்குச் செய்யத்தக்கன சில.

முதலாவதாக, சமுதாயக் கல்லூரியும் அதன் வட்டாரப் பல்கலைக்கழகமும் பாடத்திற்குப் பாடம் ஒப்புநோக்கிய பட்டியல் ஒன்றை உடன்படிக்கையாக வெளியிட வேண்டும். சேலம் வட்டாரத்திற்கு 1997இல் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகம் உள்ளது. எல்லாப் படிப்புகளையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணினிப் பயன்பாடு, கணக்கியல் போன்று ஒப்புமை மிகுந்த இரண்டு மூன்று பட்டயங்களிலிருந்து தொடங்கலாம். பாடத்திட்டக் குழுக்களில் சமுதாயக் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் இடம்பெறுதல் நன்று.

இரண்டாவதாக, அப்பட்டியல் மாணவர் சேர்க்கை விண்ணப்பத்தோடு தமிழில் அச்சிட்டுத் தரப்பெற வேண்டும். எப்பட்டத்திற்கு இப்பட்டயம் உதவாது என்பதையும் அதில் ஒளிவின்றிக் கூற வேண்டும்.

மூன்றாவதாக, விடுபட்ட தாள்களுக்கு இணைப்புத் தாள்கள் வேண்டும். இங்கே தமிழ்த்துறையின் கடமை தொடங்குகிறது. முதலிரண்டு பருவத் தமிழ்த்தாள்களுக்கு ஈடான இணைப்புத் தாளைத் தமிழ்த்துறை உருவாக்கி, பல்கலைக்கழகத்தின் ஏற்பைப் பெறலாம். அல்லது, சமுதாயக் கல்லூரியின் பொதுக்கல்விப் பகுதியிலேயே அத்தமிழ்த்தாளை வைக்கச் செய்து, நம் ஆசிரியர்கள் வார இறுதியில் சென்று கற்பிக்கலாம். விண்ணப்பம் எழுதுதல், அறிக்கை எழுதுதல், மொழிபெயர்த்தல் முதலியன தொழில் பயில்வோர்க்கும் வேண்டியனவே. இலக்கியத்தைச் சுவைக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

நான்காவதாக, காலம் அறிந்து நடத்துதல் வேண்டும். மலையில் காப்பி அறுவடை நவம்பர் தொடங்கிச் சில மாதங்கள் நடைபெறும். கல்லூரிகளின் பருவத் தேர்வும் அதே நவம்பரில் வருகிறது. கூலியை விட்டுத் தேர்வுக்கு வா என்றால் வறிய வீட்டு மாணவர் எதனைத் தேர்வார்? இணைப்பு வகுப்புகளையும் அவற்றின் தேர்வையும் கோடையில் வைத்தால் செம்மநத்தத்து மாணவரும் பங்குபெற இயலும்.

பெரியோர் கவனத்திற்கு

நம் சமுதாயத்திலும் இச்செய்தி பொருந்துவதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளையை மூன்றாண்டுக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், உள்ளூரில் நடைபெறும் ஓராண்டுப் படிப்புக்கு இசைகின்றனர். ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் தையல், கணினி, மழலையர் கல்வி முதலிய படிப்புகளை நல்லெண்ணத்துடன் நடத்தி வருகின்றன. அப்பிள்ளைக்குத் திருமணத்திற்குப் பின்னரோ குழந்தைகள் பள்ளி செல்லத் தொடங்கிய பின்னரோ மேலும் படிக்கும் விருப்பம் எழலாம். அப்போது அவள் கையிலுள்ள சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலும் வாராதது என்றால், அவள் இழந்த ஓராண்டுக்கு யார் பொறுப்பு?

எனவே, புதிய படிப்பொன்றைத் தொடங்க விரும்பும் பெரியோர்கள், கட்டடத்தையும் கருவிகளையும் பற்றி வினவுவதோடு மூன்று வினாக்களையும் கேட்டல் வேண்டும். இச்சான்றிதழை வழங்குவது யார்? இதன் பாடங்கள் எந்தப் பட்டத்தில், எத்தனை மதிப்பலகாக ஏற்கப்படும்? அதற்கான எழுத்து எங்கே உள்ளது? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர்ச் செலவிடும் பொருள் இருமடங்கு பயன் தரும். அப்படிப்புகளில் சகோதர சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர் என்பதால் அப்பயன் அனைவர்க்கும் உரியதாகும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஊரில் பட்டயம் பெற்று நிற்கும் அக்காள், அண்ணன் எவரேனும் இருப்பின், அவர்தம் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். பாடத்திட்ட ஏடு இல்லாமையாலேயே ஒப்புநோக்க இயலாமற் போன விண்ணப்பங்கள் உண்டு.

நிறைவுரை

சமுதாயக் கல்லூரி வறியவருக்கு முதற்படியை அமைத்தது. பல்கலைக்கழகம் மேற்படியில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே வேண்டுவது பெரும் பொருட்செலவன்று. இரு நிறுவனத்தார் அமர்ந்து எழுதும் சில பக்கங்களே. அப்பக்கங்களுள் தமிழ்த்தாளுக்குரிய பக்கத்தை எழுதுவது தமிழ்த்துறைகளின் கையில் உள்ளது. வரும் கல்வியாண்டுக்குள் ஒரு சமுதாயக் கல்லூரியோடேனும் இப்பணியை நம் துறை தொடங்குமாயின், ஆண்டு மலரில் எழுதிய கட்டுரை என்னும் அளவில் இது நின்றுவிடாது. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணை நிற்பானாக!